பொதுத்திடல்: யார் கால் பட்ட மண்?

1

பஞ்சமி நிலத்தைப் பற்றி நம்மில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்; இன்னும் எழுதத்தான் வேண்டும். நான் பேச வந்தது வேறு நிலம். யார் பேரிலும் பட்டா இல்லாதது. நகராட்சிப் பதிவேட்டில் 'திடல்' என்றோ 'பூங்காவுக்காக ஒதுக்கப்பட்டது' என்றோ ஒற்றை வரியாகக் கிடப்பது. பொது என்று எழுதியிருப்பதாலேயே, அந்தப் பொதுவுக்குள் நாம் இருக்கிறோமா என்று யாரும் கேட்காமல் விட்ட நிலம்.

எங்கள் காலனிக்குப் பின்னால் அப்படியொரு திடல் உண்டு. காலனி என்றால் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த நாலு வரிசை ஓட்டு வீடுகள். அப்பா முப்பத்தோரு வருஷம் அந்த நகராட்சியின் தெருக்களைப் பெருக்கியவர். திடல் ஏறக்குறைய ஒண்ணரை ஏக்கர். நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம், ஓரமெல்லாம் வேலிக்காத்தான். எங்கள் வீடுகளுக்குக் கொல்லை கிடையாது, திடல்தான் கொல்லை. துணி காய்வது அங்கே, ஆடு மேய்வது அங்கே, சாவு விழுந்தால் பாடை கட்டுவதும் பறையைத் தீயில் காட்டுவதும் அங்கே. ஏப்ரல் 14 அன்று டியூப் லைட் கட்டி அண்ணல் படத்துக்கு மாலை போடுவதும் அந்த மரத்தடியில்தான்.

1998இல் ஒரு நாள் அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் சொன்னார்: "டேய், நம்ம திடல் நம்பரு ஆபீஸ் போர்டுல ஒட்டிக் கெடக்குடா. போய்ப் படிச்சிட்டு வா." அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். 'ஏலம்' என்ற சொல் மட்டும் அவருக்கு உடனே தெரியும். போய்ப் பார்த்தேன். வணிக வளாகம் கட்ட திடலை ஏலம் விடப்போவதாகப் போட்டிருந்தது. ஆபீசுக்குள், மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துகிற மூலையில் அந்த போர்டு. அதைப் பெருக்குகிறவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாத இடம்.

ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டவர்கள் நம்மாட்கள். யார் வயல் ஏலம் போனாலும், எந்த ஏரி மீன் குத்தகைக்குப் போனாலும் பறையடித்துச் சொன்னது நாம். நம் திடலை விற்கும்போது மட்டும் தண்டோரா இல்லை.

மனு எழுதினோம். காலனியில் எல்லோரும் கைநாட்டு வைத்தோம். திடலுக்கு அந்தப் பக்கம் புதிதாக மனை போட்டு வீடு கட்டியிருந்த வாத்தியார்கள், வங்கி ஊழியர்களும் தனியாக ஒரு மனு கொடுத்தார்கள். மனுவை வாங்கிய அதிகாரி அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "நகராட்சி எடம், நகராட்சி விக்குது. ஒனக்கென்னய்யா வந்துச்சு? நீங்க அனுபவிச்சதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கே?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

2

எங்களுக்கு உதவ வந்த வக்கீல் தோழர் ஒரு யோசனை சொன்னார். காலனியில் வயசானவர்களிடம் வாக்குமூலம் வாங்குவோம், இத்தனை வருஷமாக இந்தத் திடலில் நடமாடினோம் என்று எழுதுவோம், அனுபவ பாத்தியதை காட்டலாம். முதலில் ஆயாவைக் கூட்டி உட்கார வைத்தார்கள். அப்பாவைப் பெற்றவள். வயசு எண்பதைத் தாண்டியிருக்கும். "திடலை எத்தினி வருசமாப் பொழங்குறீங்க ஆயா?" என்று வக்கீல் கேட்டார்.

ஆயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"காலனி கட்டுறதுக்கு முன்ன நாங்க எங்கப்பா அதுல வெளிச்சத்துல கால வச்சோம்? ஊரு மாடெல்லாம் திரும்புனப்புறம், பொழுது சாஞ்சப்புறம் போவோம். சுள்ளி பொறுக்கிட்டு யாரும் பாக்குறதுக்குள்ள வந்துருவோம். பகல்ல போவணும்னா நாட்டாமைகிட்ட கைகட்டிக் கேக்கணும், 'சாமி, ஒரு சாவு விழுந்துருச்சு'ன்னு. ஒருதரம் பசங்க கேக்காம கொள்ளாம சடுகுடு ஆடப் போயி மண்ட ஒடஞ்சு வந்தானுங்க. இதையா கோர்ட்டுல சொல்லச் சொல்ற?"

வக்கீல் பேனாவை மூடிவிட்டார். சாயந்திரம் டீக்கடையில் உட்கார்ந்தபோது என்னிடம் சொன்னார்: "ஆயா சொன்னது உண்மை. ஆனா அந்த உண்மை நம்மள தோக்கடிச்சுரும். சட்டம் கேக்குறது வேற." அனுபவ பாத்தியதை, வழக்காறு என்று நம் கோர்ட்டுகள் பேசுவதெல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு, அங்கே அது எப்படி முளைத்தது என்று படித்துப் பாருங்கள் என்றார். படிக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை.

3

இங்கிலாந்து நாட்டில் பொதுநிலம் பறிபோன கதை பெரிய கதை. 1604 தொடங்கி 1914 வரை அந்நாட்டுப் பாராளுமன்றம் 5200க்கும் மேற்பட்ட சட்டங்களைப் போட்டு, ஊருக்குப் பொதுவாகக் கிடந்த மேய்ச்சலையும் வயலையும் தனியார் வேலிக்குள் அடைத்தது. மொத்தம் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம். ஒரு மாடு, நாலு வாத்து, கொஞ்சம் சுள்ளி என்று பொதுநிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக்காரன் வேலிக்கு வெளியே நின்றான். பிறகு ஆலைக்குப் போனான்.

வேலியைப் பிடுங்கிப் போட்டவர்களும் இருந்தார்கள். லண்டனுக்கு அருகே எப்பிங் காடு. அதன் ஓரத்தில் லௌட்டன் என்ற ஊர். குளிர்காலத்தில் மரக்கிளைகளை வெட்டி விறகு எடுத்துக்கொள்ளும் உரிமை அந்த ஊராருக்குப் பரம்பரையாக இருந்தது. நவம்பர் 11ஆம் தேதி நள்ளிரவில் முதல் கிளையை வெட்டி அந்த உரிமையை வருஷாவருஷம் நிலைநாட்டுவார்கள். 1860களில் நிலப்பிரபு காட்டை வேலி போட்டு அடைத்தார். தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலிக்காரக் கிழவர் கோடரியோடு உள்ளே போய் எப்போதும்போல வெட்டினார். 1866இல் அவர் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் சிறைக்குப் போனார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் என்று லண்டனில் படித்தவர்கள், வக்கீல்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் வில்லிங்கேலுக்காக வழக்குப் போட்டார்கள். 1870இல் அவர் இறந்துபோக வழக்கும் நின்றது.

அதை வேறு வழியில் முடித்தது லண்டன் மாநகராட்சி. காட்டு எல்லைக்குள் இடுகாட்டுக்காக வாங்கிய நிலம் அவர்களிடம் இருந்தது. அதனால் மேய்ச்சல் உரிமையும் இருந்தது. அதை வைத்து 1871இல் வழக்குப் போட்டு 1874இல் ஜெயித்தார்கள். வேலிகள் இறங்கின. 1878இல் தனிச்சட்டம் வந்து காடு மக்கள் உலாவுவதற்கென்று நிலைத்தது. 1882இல் விக்டோரியா ராணியே வந்து அதை மக்களுக்கு அர்ப்பணித்தார்.

இதுவரை வெற்றிக்கதை. ஆனால் வரலாற்றை நாம் படிக்கும்போது கடைசி வரியையும் படிக்க வேண்டும். காடு பூங்காவானதும் விறகு வெட்டும் உரிமை ரத்தானது. அதற்கு நஷ்டஈடாக 7000 பவுண்டு கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதியைப் போட்டு ஊரில் ஒரு மண்டபம் கட்டினார்கள். 'கிளைவெட்டு மண்டபம்' என்று பேர். 1884இல் திறந்தார்கள், இன்றும் இருக்கிறது. சிறைக்குப் போனவன் விறகுக்காகப் போனான். காடு மிஞ்சியது, விறகு மிஞ்சவில்லை. உலாவ வந்தவனுக்குக் காடு. வெட்டியவனுக்கு மண்டபத்தின் பேர்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எங்கள் திடலுக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

4

இருபதாம் நூற்றாண்டில் சண்டையின் முகம் மாறியது. நிலப்பிரபுவின் இடத்தில் பல ஊர்களில் நகர்மன்றமே வந்து நின்றது. மன்றத்தின் கையிலிருந்த விளையாட்டுத் திடலும் புல்வெளியும் வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்கப்படும், அக்கம்பக்கத்தவர் எதிர்ப்பார்கள். எதிர்க்க அவர்கள் கையில் எடுத்த கருவி 'ஊர்த்திடல்' என்ற சட்டம். ஓர் இடத்தை அந்த வட்டாரத்து மக்கள் இருபது வருஷம் விளையாடவும் உலாவவும் 'உரிமையுள்ளவர்களைப் போல' பயன்படுத்தியிருந்தால், அதை ஊர்த்திடல் என்று பதிவு செய்யலாம். பதிவானால் யாரும் கட்டடம் கட்ட முடியாது.

'உரிமையுள்ளவர்களைப் போல' என்றால் என்ன? ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த மூன்று இல்லைகள் அதற்கு விளக்கம். பலவந்தம் இல்லாமல். ஒளிவு இல்லாமல். அனுமதி கேட்காமல். 1999இல் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து சன்னிங்வெல் கிராம வழக்கில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் இதை இன்னும் சுலபமாக்கினார்கள். அது தேவாலயத்துக்குச் சொந்தமான நிலம். மக்களின் மனதுக்குள் 'எனக்கு உரிமை இருக்கிறது' என்ற எண்ணம் இருந்ததா என்று தோண்ட வேண்டாம், வெளியே அவர்கள் நடந்துகொண்ட விதம் போதும் என்றார்கள். நாயை நடக்கக் கூட்டிப்போனவர்கள், பட்டம் விட்ட பிள்ளைகள் எல்லாரும் சாட்சிகளானார்கள்.

இந்த மூன்று இல்லைகளைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆயா சொன்னதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பொழுது சாய்ந்து யாரும் பார்க்காமல் போனோம்: அது ஒளிவு. நாட்டாமையிடம் கைகட்டிக் கேட்டுப் போனோம்: அது அனுமதி. கேட்காமல் போய் மண்டை உடைந்தோம்: அது பலவந்தம். உரிமை பிறக்காது என்று எந்த மூன்று வழிகளைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறதோ, அந்த மூன்று வழிகளில் மட்டும்தான் இந்த நாட்டில் சேரிக்காரன் பொது இடத்தில் கால் வைத்திருக்கிறான். நாலாவது வழி அவனுக்கு இருந்ததில்லை.

இது ஏதோ தூரதேசத்துச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 1882இல் வெள்ளைக்காரன் இங்கே போட்ட ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15ஆம் பிரிவும் 'அமைதியாகவும் வெளிப்படையாகவும்' அனுபவித்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. அமைதியாகவும் வெளிப்படையாகவும் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனிடம் கேட்கிற கேள்வியா இது? அதிகாரி கேட்ட 'ஆதாரம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு நின்றுகொண்டிருந்தது. அவருக்கே அது தெரிந்திருக்காது.

அனுபவம் என்பதை மட்டும் ஆதாரமாக வைத்தால், அனுபவிக்க விடாமல் தடுத்தவன் ஜெயிப்பான். இது என் ஊகம் இல்லை. இதை ஒரு கோர்ட்டில் வாதமாகவே வைத்தார்கள். யாருக்கு எதிராக என்றால், அண்ணல் அம்பேத்கருக்கு எதிராக.

5

மகத் குளத்துப் போராட்டம் நாம் அறிந்தது. அதில் நாம் அதிகம் பேசாத ஒரு பக்கம் இருக்கிறது: அந்தக் குளம் யாருடையது என்ற பக்கம்.

1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கிற நீர்நிலை, கிணறு, சத்திரம் எல்லாவற்றையும் தீண்டத்தகாதோர் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதை ஏற்று 1924இல் மகத் நகராட்சி தன் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தது. குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் நம் மக்களை அடித்தார்கள். பிறகு மாட்டு மூத்திரமும் சாணியும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே நகராட்சி தன் 1924ஆம் வருஷத்துத் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. பொதுச் சொத்தின் காவலன் என்று உட்கார்ந்திருக்கிற மன்றம், யார் குரல் பெரிசோ அந்தப் பக்கம் சாய்வது இன்று தொடங்கிய வழக்கம் அல்ல.

டிசம்பரில் இரண்டாவது மாநாடு. மாநாடு நடத்த இந்துக்கள் யாரும் இடம் தரவில்லை. ஒரு முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கினார்கள். அண்ணல் அந்த உத்தரவை மதித்து, குளத்துக்குப் போவதை நிறுத்தி வைத்தார். டிசம்பர் 25 அன்று அதே மாநாட்டில் மனுஸ்மிருதி எரிந்தது.

அவர்கள் வழக்கில் சொன்னது இரண்டு சங்கதி. ஒன்று, குளம் நகராட்சியுடையது அல்ல, தனியார் சொத்து. இரண்டு, தீண்டத்தகாதவர்களை விலக்கி நாங்கள் மட்டும் பயன்படுத்துவது நினைவுக்கெட்டாத காலத்து வழக்காறு. கவனியுங்கள்: வில்லிங்கேல் கிழவர் விறகுக்காகக் கையில் எடுத்த அதே வழக்காற்றுச் சட்டத்தை இங்கே குளத்தை அடைக்க எடுத்தார்கள். அங்கே ஏழைக்குக் கோடரியாக இருந்தது இங்கே சாதிக்குப் பூட்டாக வந்தது.

வழக்கு பத்து வருஷம் இழுத்தது. 1931இல் மகத் கோர்ட்டில் தீர்ப்பு நம் பக்கம். 1933இல் தாணே மேல்முறையீட்டிலும் நம் பக்கம். கடைசியாக 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம், அப்படியொரு வழக்காறு நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று சொல்லி அவர்கள் முறையீட்டைத் தள்ளியது. குளம் நகராட்சிக்கு உரியது என்பது நின்றது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எது? நம் மக்கள் அந்தக் குளத்தை இருபது வருஷம் அனுபவித்தோம் என்று அண்ணல் வாதாட முடியாது, அனுபவிக்கவில்லை. அவர் நின்ற இடம் வேறு. குளம் பொதுவுடையது. பொது என்றால் நாங்களும் அதில் உண்டு. எங்களை இறங்க விடாமல் வைத்திருந்த காலம் எங்கள் உரிமையைத் தின்றுவிடாது. சாதி போட்ட வேலியைச் சாதியே தனக்குப் பத்திரமாகக் காட்ட முடியாது.

6

இதே தர்க்கம் இங்கிலாந்திலேயே வேறு வழியாகச் சுற்றி வந்து சேர்ந்திருப்பது பிறகுதான் தெரிந்தது.

2014இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் விட்பி என்ற கடலோர ஊரின் விளையாட்டுத் திடல் வழக்கில் ஒரு கதவை மூடியது. மன்றம் கட்டிக்கொடுத்த குடியிருப்புகளோடு சேர்ந்து மக்களுக்காகவே போட்ட திடல் அது. ஆகவே அங்கே மக்கள் உரிமையோடுதான் நடக்கிறார்கள். 'உரிமையுள்ளவர்களைப் போல' நடக்கவில்லை. எனவே ஊர்த்திடலாகப் பதிய முடியாது என்றார்கள். வேடிக்கையான நியாயம். அத்துமீறி நடந்தவனுக்குப் பாதுகாப்பு உண்டு, உரிமையோடு நடந்தவனுக்கு இல்லை. மன்றத்துத் திடல்களுக்காகப் போராடியவர்கள் சோர்ந்துபோனார்கள்.

அப்புறம் வந்தது ஷ்ரூஸ்பரி வழக்கு. அந்த ஊர் மன்றம் 1926இல் வாங்கி மக்களின் பொழுதுபோக்குக்கென்று வைத்திருந்த திடல். அதில் ஒரு துண்டு இடையில் நாற்றுப்பண்ணையாகி, மக்கள் நடமாட்டம் நின்றுபோய்ப் புதர் மண்டிக் கிடந்தது. 2017இல் மன்றம் அந்தத் துண்டை ஒரு கட்டடக் கம்பெனிக்கு விற்றது. 2018இல் அங்கே 15 வீடு கட்ட அனுமதி கிடைத்தது. பொது வெளியை விற்கும் முன் இரண்டு வாரம் தொடர்ந்து உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும் என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. மன்றம் அதைச் செய்யவில்லை. அந்த வட்டாரத்தவர் ஒருவர் வழக்குப் போட்டார். உயர்நீதிமன்றத்திலும் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார். 2023 மார்ச் 1 அன்று உச்சநீதிமன்றத்தில் ஜெயித்தார்.

நீதிபதிகள் சொன்னதன் சாரம் இது. 1875, 1906 ஆண்டுகளின் சட்டங்களின்படி இப்படிப்பட்ட திடலை மன்றம் தன் சொத்தாக வைத்திருக்கவில்லை. மக்களுக்காக, அவர்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பாக வைத்திருக்கிறது. முறையாக விளம்பரம் கொடுத்து, ஆட்சேபணை கேட்டு விற்றால்தான் அந்தப் பொறுப்பு அறுபடும். கேட்காமல் விற்றால் நிலம் கைமாறும். மக்கள் உரிமை அந்த நிலத்தோடேயே போகும், வாங்கியவன் தலையிலும் உட்காரும். வீடு கட்டும் அனுமதி ரத்தானது.

நம்மைப் பொறுத்தவரை இதில் கண் வைக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. இடையில் மக்கள் நடமாடாத காலம் அவர்களுடைய உரிமையைக் கொல்லவில்லை. யார் நடந்தார்கள், எத்தனை வருஷம் நடந்தார்கள் என்று யாரையும் கூண்டிலேற்றிக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. நிலம் யாருக்காக வைக்கப்பட்டது என்ற ஒரே கேள்வி போதுமாக இருந்தது. ஆயாவைத் தோற்கடிக்காத கேள்வி அது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்விக்கு இடம் உண்டு. பெங்களூர் சதாசிவநகரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட நகர வளர்ச்சி ஆணையம் கொடுத்தது. அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். வழக்குப் போட உங்களுக்கு என்ன பாத்தியதை என்று அவர்களையும் கேட்டார்கள். 1991இல் உச்சநீதிமன்றம் குடியிருப்போருக்கு அந்த உரிமை உண்டு, பூங்காவைத் தனியாருக்கு மாற்றியது செல்லாது என்றது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கிராமப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: நிலமற்ற கூலிகளுக்கோ தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கோ அரசு முறையாகக் குத்தகை கொடுத்திருந்தால் அதை முறைப்படுத்தலாம். தீர்ப்பின் முதல் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு குடிசை இடிக்க வருகிற அதிகாரிகள் இந்த இரண்டாவது பாதியைப் படிப்பதில்லை. நாம் படித்து வைத்திருக்க வேண்டும்.

7

எங்கள் திடலுக்கு வருகிறேன்.

1998இல் ஏலம் நின்றது. எங்கள் மனுவாலா, வாத்தியார்கள் மனுவாலா என்று கேட்டால், இரண்டாலும்தான். தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள், அப்புறம் அதை யாரும் எடுக்கவில்லை. அன்றைக்குக் காலனியில் பாயசம் வைத்தார்கள். அந்தப் பக்கத்து வாத்தியார் வீட்டம்மா ஒருவர் முதல் தடவையாக எங்கள் தெருவுக்கு வந்து ஒரு டம்ளர் பாயசம் குடித்தார். ஆயா அதை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தாள்.

சில வருஷம் கழித்துப் புது மனைக்காரர்கள் நலச்சங்கம் ஆரம்பித்தார்கள். திடலைப் 'பராமரிக்க' நகராட்சியைக் கேட்டார்கள். கம்பி வேலி வந்தது. நடைபாதை வந்தது. கேட் வந்தது, அதுவும் அவர்கள் தெருப்பக்கம் மட்டும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் திறப்பார்கள். கேட்டில் ஒரு போர்டு: ஆடு மாடு நுழையக் கூடாது, துணி காயப்போடக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது. ஏப்ரல் 14க்கு இப்போது எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஆயா காலத்தில் நாட்டாமை, இப்போது சங்கச் செயலாளர். காலனிப் பிள்ளைகள் வேலி ஓரமாக ஒரு கம்பியை வளைத்து வைத்திருக்கிறார்கள், பந்து விழுந்தால் எடுக்க. மறுபடியும் ஒளிவு, மறுபடியும் அனுமதி.

லௌட்டன் ஊரின் கிளைவெட்டு மண்டபத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்த போர்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் பையன்களில் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "இதுக்கு அந்தக் காம்ப்ளக்ஸே வந்திருக்கலாமே? ரெண்டு பேருக்கு வாட்ச்மேன் வேலையாவது கெடச்சிருக்கும்." இன்னும் சிலர், ஒரே வீட்டில் மூன்று குடும்பம் படுக்கிற காலனிக்குப் பூங்கா எதற்கு, அதைப் பிரித்து மனைப்பட்டாவாகக் கேட்டிருக்கலாமே என்கிறார்கள். இரண்டாவது கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். வீடு முதலில் வேண்டும். ஆனால் திடல் விற்கப்பட்டிருந்தால் பட்டா கேட்கவும் இடம் இருந்திருக்காது. விற்றது போனதுதான். பொதுவாக மிஞ்சியிருப்பதால்தான் இன்றைக்கு அதன்மேல் சண்டை போட முடிகிறது.

எனவே, வெவ்வேறு ஊர்களில் இந்த வேலையில் இருக்கிற தோழர்களுக்கு மூன்று சங்கதிகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. உங்கள் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சியில் திடல், பூங்கா, மந்தை, களம் என்று என்னென்ன இடம் பதிவில் இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். 2005க்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவன் பத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கென்று தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டுகளில் எத்தனை இன்றும் காலியாக இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். பட்டியலைக் கொண்டுவந்து காலனிச் சுவரில் ஒட்டுங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒட்டினது போதும்.

இரண்டு. 'எத்தனை வருஷம் அனுபவித்தாய்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே நிற்காதீர்கள். 'யாருக்காக வைத்தாய்' என்று திருப்பிக் கேளுங்கள். மகத்தில் அண்ணல் நின்ற இடம் அதுதான். ஆயாவின் வாக்குமூலத்தை மறைக்கவும் வேண்டாம். நாங்கள் வெளிச்சத்தில் நடக்க முடியாமல் இருந்தது எங்கள் குற்றமல்ல என்று, அதையே ஊரறிய வாசித்துக் காட்டுங்கள்.

மூன்று. திடலைக் காப்பாற்ற யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். வாத்தியாரோடும் சேரலாம், வங்கி ஊழியரோடும் சேரலாம். சேராமல் முடியவும் முடியாது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே மனுவில் எழுதிவிடுங்கள்: கேட் எந்தப் பக்கம், ஆடு மேயலாமா, துணி காயலாமா, பாடை கட்டலாமா, ஏப்ரல் 14க்கு யாரைக் கேட்க வேண்டும் என்று. நாங்கள் 1998இல் அதை எழுதவில்லை. விற்காமல் நிறுத்தினால் போதும் என்று நினைத்துவிட்டோம்.

போன மாதம் காலனியில் கூடிப் பேசினோம். எங்கள் பக்கம் ஒரு கேட் வைக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். இந்த முறை கைநாட்டு ஒன்றுகூட இல்லை, எல்லாம் கையெழுத்து. மனுவின் முதல் வரி: 'இந்தத் திடல் பொதுமக்களுக்கு உரியது. நாங்கள் பொதுமக்கள்.'